ஜெபாவின் தோளில் கிடந்த கை

கதிரு,

ஞாயிற்றுக்கிழமை காலையில் உனக்கு ரயில். கல்கத்தாவில் ஒரு கிளப் உன்னை விளையாடக் கூப்பிட்டிருக்கிறது என்று நீ சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் நாம் மூன்று பேரும் சத்தம் வராமல் நடந்துகொண்டிருக்கிறோம். உங்கப்பா வீட்டில் காலர் பின்னுகிற மிஷினை ஓட்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வாசலில் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். நான் சமைக்கிறேன், பனியன் கம்பெனி வேனுக்கு ஓடுகிறேன், வீரபாண்டியில் செக்கிங் டேபிளில் நின்று பிள்ளைகளை அதட்டுகிறேன், திரும்பி வருகிறேன். உன் முகத்தைப் பார்த்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும், பிறகு நீயும் நானும் பழையபடி முகம் பார்க்காமல் ஆகிவிடுவோம் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. உங்கப்பா படிக்கட்டும், ஜெபா படிக்கட்டும், உங்க கோச் சாரும் படிக்கட்டும். நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். மற்றவர்கள் பார்த்தது வேறாக இருந்தால் அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

நீ சின்ன வயதிலேயே பெரிய உடம்பு. நம் தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் உன்னைக் கீப்பராக நிறுத்துவார்கள், அங்கேதான் ஓட வேண்டியதில்லை என்று. கபடிக்குப் போனாய், மூச்சு பத்தவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துச் சட்டையை ஒவ்வொரு வருஷமும் நான் பக்கவாட்டில் பிரித்துத் தைத்துக் கொடுப்பேன், நீ அதைப் போட்டுக்கொண்டு யாருடனும் பேசாமல் போய் வருவாய். கோயமுத்தூரில் காலேஜ் சேர்ந்த வருஷம் ஒருநாள் போன் பண்ணினாய். "அம்மா, என்னைய ஒரு டீமுக்கு எடுத்துட்டாங்க. நான் குண்டா இருக்கறதுக்காகவே எடுத்துட்டாங்கம்மா" என்றாய். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை உன் குரலில் அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. என்ன விளையாட்டு என்றேன். ரக்பி என்றாய். முட்டை மாதிரி இருக்கும் பந்து, கையில் தூக்கிக்கொண்டு ஓடணும், முன்னால் எறியக்கூடாது, பின்னால்தான் எறியணும் என்றாய். நீ எங்கே சாமி ஓடப்போற என்று கேட்டேன். "நான் ஓட வேண்டியதில்லம்மா. நான் ப்ராப். முட்டுக் குடுக்கறவன்" என்றாய்.

சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மனுசனுக்கு மனுசன் முட்டுக் கொடுப்பதை முதன்முதலாக உன் காலேஜ் மைதானத்தில்தான் பார்த்தேன். அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் எட்டுப் பேர். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குனிந்து, ரெஃப்ரி சொன்னதும் தலையும் தோளும் ஒன்றுக்குள் ஒன்று போகிற மாதிரி மோதிக்கொண்டார்கள். லாரியிலிருந்து நூல் மூட்டையைக் கீழே தள்ளினால் வருமே, அப்படி ஒரு சத்தம். அதற்கு ஸ்க்ரம் என்று பேர் என்றாய். முன்வரிசையில் மூன்று பேர். நடுவில் இருப்பவன் ஹூக்கர், பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவன். அவனுடைய இரண்டு கையும் இரண்டு பக்கத்து ஆட்களின் மேல் கிடக்கும். பக்கத்துக்கு ஒருவராக அவனைத் தாங்குகிறவர்கள்தான் ப்ராப். நீ வலது பக்கம், மூன்றாம் நம்பர் சட்டை. உன் இடது கை ஹூக்கரைச் சுற்றிப் பிடித்திருக்கும், வலது கை எதிராளியின் சட்டையைப் பிடித்திருக்கும். உன் தலைக்கு இந்தக் காதுப் பக்கம் ஒரு எதிராளி, அந்தக் காதுப் பக்கம் ஒரு எதிராளி. பின்னால் இருந்து உன் ஆட்கள் தள்ளுவதும் முன்னால் இருந்து அவர்கள் தள்ளுவதும் உன் கழுத்தில்தான் வந்து சேரும். இதையெல்லாம் நீ சந்தோஷமாக, சாப்பாட்டுத் தட்டில் உப்பு டப்பாவையும் டம்ளரையும் நகர்த்திக் காட்டிச் சொன்னாய். நான் உன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தோடு ஓடிக் கோட்டைத் தாண்டுகிறவன் பேர்தான் பேப்பரில் வரும். உன் பேர் வந்ததே இல்லை. ஆனால் நான் கற்றுக்கொண்டேன், கதிரு. பந்து எங்கே போனாலும் நான் பந்தைப் பார்ப்பதில்லை, உன்னைத்தான் பார்ப்பேன். கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறியும்போது, உயரமான பையனைத் தொடையைப் பிடித்து நீ தலைக்கு மேலே தூக்கி நிறுத்துவாய். எல்லோரும் மேலே பந்தைப் பிடிக்கிறவனுக்குக் கைதட்டுவார்கள். கீழே உன் கை நடுங்குகிறதா என்று நான் பார்ப்பேன். நடுங்கினதே இல்லை. ஆள் குவிந்து கிடக்கிற இடத்தில் தலையைக் கொடுத்து ஒதுக்கித் தள்ளுவாய், எழுந்து அடுத்த குவியலுக்கு நடந்துபோவாய். மற்ற ப்ராப்கள் ரெஃப்ரி வாயைத் திறந்ததும் முட்டித் தள்ளுவார்கள். நீ தள்ள மாட்டாய். முதலில் தாங்குவாய். "எதிர்ல இருக்கறவன் மூச்ச உடற நேரம் ஒண்ணு வரும்மா. அது நம்ம கன்னத்துலயே தெரியும். அப்பத்தான் தள்ளோணும்" என்று ஒருநாள் சொன்னாய். உன் ஆட்டம் முழுக்க அந்தப் பொறுமைதான். அதனால்தான் காலேஜ் டீமிலிருந்து சென்னை கிளப்புக்குப் போனாய், எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலையையும் பார்த்துக்கொண்டு வாராவாரம் ரயில் ஏறினாய், மாநில அணிக்கு வந்தாய். இந்திய அணிக்கான கேம்புக்கு இரண்டு தடவை கூப்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பி வந்து ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மறுநாளே மொட்டை மாடியில் கழுத்துக்குப் பட்டை கட்டி இழுக்க ஆரம்பித்தாய்.

ஜெபாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த குடும்பம். அவனுடைய அப்பா எங்கள் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் இருந்தார், இப்போது ஜெபா இருக்கிறான். அவனை ரக்பிக்கு இழுத்துக்கொண்டு போனதே நீதான். நீ மூன்றாம் நம்பர், அவன் இரண்டாம் நம்பர், ஹூக்கர். கிளப்பிலும் மாநில அணியிலும் உன் இடது கை பிடித்திருந்தது அவனைத்தான். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நீ நின்ற போட்டோவில்கூட உன் இடது கை அவன் தோள்மேல்தான் இருக்கிறது.

பிறகு சென்னையில் அந்தப் பெரிய போட்டி வந்தது. அதற்கு முந்தின வாரங்களில் நான் சிலதைப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு உன் கையிலிருந்து நழுவியது. கை வழுக்கிடுச்சு என்றாய். பைக்கில் க்ளட்ச் பிடிக்காமல் முக்கில் வண்டி நின்றுபோனது. கேபிள் போயிடுச்சு என்றாய். ஒரு காலை, நீ கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாய். நான் கதவருகில் நின்றதைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு டீசர்ட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். உங்கப்பாவிடம் சொன்னேன். "ஏனுங்க, அவன் இடது கைல என்னமோ ஆயிருக்குதுங்க." அவர், "விளையாடறவனுக்கு வலி இருக்காதா அம்மிணி? அவனுக்குத் தெரியாததா?" என்றார். உன்னிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "கோச்சே கேக்கல, நீ கேக்கற" என்றாய். அந்தப் போட்டியின் ஃபைனலைப் பார்க்க இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள், மூன்றாவது தடவை கூப்பிட்டால் அதுதான் உன் கடைசி வாய்ப்பு என்று உங்கப்பாதான் எனக்குச் சொன்னார். நாங்கள் இருவரும் சென்னைக்கு வந்தோம்.

மத்தியான வெயில். எங்களுக்கு நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதல் பாதியில் உங்கள் இடது பக்கத்து ப்ராப் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். மாற்று ஆளாக இருந்த ஒரே ப்ராப் அவன் இடத்துக்குப் போய்விட்டான். இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி, "இனிமே பெஞ்ச்சுல ப்ராப் இல்ல. இன்னொருத்தன் வெளிய வந்தா ஸ்க்ரம்ல தள்ளவே விட மாட்டாங்க, சும்மா குனிஞ்சு பந்தைப் போட்டு எடுத்துக்கணும். பழகாதவன் அந்த இடத்துல நின்னா கழுத்து போயிடும்னு சட்டம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். அதையும் கேட்டுக்கொண்டேன். ஸ்க்ரம்மில் நீங்கள் அவர்களைத் தள்ளிக்கொண்டே போனீர்கள். அந்த ஆட்டமே உன்னால்தான் நின்றது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் இரண்டாம் பாதியில் தண்ணீர் கொண்டுவந்தபோது, பாட்டிலை இடது கையில் வாங்கியவன் உடனே வலது கைக்கு மாற்றிக்கொண்டாய். பிறகு இடது கையைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாய், மரத்துப்போன காலைத் தட்டுகிற மாதிரி.

ஆட்டம் முடியப்போகிறது. அவர்கள் கொஞ்சம் முன்னால் இருந்தார்கள். அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு ஸ்க்ரம். ஒரே ஒரு தள்ளு, அவர்களைக் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிட்டால் கப் உங்களுக்கு. மைதானமே எழுந்து நின்றது. "க்ரவுச்... பைண்ட்... செட்" என்றார் ரெஃப்ரி, குனி, பிடி, மோது என்று. மோதின உடனே உன் பக்கம் மடிந்து எல்லோரும் விழுந்தீர்கள். ரெஃப்ரி விசில் ஊதி, மறுபடியும் போடச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். நீ முட்டிபோட்டபடியே இருந்தாய். முருகா, முருகா என்று என் வாய் முணுமுணுத்தது. நீ எழுந்தாய். ஜெபா பக்கத்தில் போய் நின்றாய். அப்போது நீ செய்ததை மைதானத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். உன் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. அதை உன் வலது கையால் தூக்கி, ஒரு துணியை எடுத்துப் போடுகிற மாதிரி, ஜெபாவின் தோளில் போட்டாய்.

நான் எழுந்தேன். உங்கப்பா என் முந்தானையைப் பிடித்தார். "உக்காரு அம்மிணி! என்ன பண்ற?" நான் இழுத்துக்கொண்டு இறங்கினேன். கயிற்றைத் தாண்டி, புல்லில் ஓடினேன். அந்தப் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். "நிறுத்துங்க சார்! நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன். ரெஃப்ரி விசிலை ஊதிவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா, யாருங்க நீங்க? கிரவுண்டுக்குள்ள வரக்கூடாது" என்றார்.

"மூணாம் நம்பரு என்ற பையனுங்க சார். அவன் இடது கைல பிடி இல்லீங்க. தூக்கி வெச்சிருக்கறானுங்க, பிடிக்கலீங்க."

நீ நிமிர்ந்தாய். உன் முகத்தில் இருந்த மண்ணும் கண்ணும் எனக்கு மறக்காது. "சார், ஒண்ணுமில்ல சார். அவங்க பயந்துட்டாங்க. ஐ ஆம் ஓகே" என்றாய். உங்க கோச் சார் வெளியிலிருந்து, "அவங்களக் கூட்டிட்டுப் போங்கப்பா!" என்று கத்தினார். ரெஃப்ரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். பிறகு உன் முன்னால் வந்து அவருடைய இரண்டு விரலை நீட்டினார். "பிடி. லெஃப்ட் ஹேண்ட்" என்றார். நீ பிடித்தாய். "இறுக்கிப் பிடி" என்றார். நீ பல்லைக் கடித்தாய், கழுத்து நரம்பெல்லாம் எழுந்தது. அவர் விரலை உருவினார். சும்மா, ஒரு குழந்தை கையிலிருந்து உருவுகிற மாதிரி வந்துவிட்டது. அவர் வெளியே போ என்று கை காட்டினார்.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும். ப்ராப் இல்லாததால் தள்ளுகிற ஸ்க்ரம் இல்லை என்றார்கள். பந்தைப் போட்டு எடுத்தார்கள், ஓடினார்கள், நழுவவிட்டார்கள், விசில். கப் போயிற்று. உங்க கோச் சார் என் முன்னால் வந்து, "இந்தப் பசங்க ஒரு வருஷமா உழைச்சாங்கம்மா. நீங்க உள்ள வந்து முடிச்சுட்டீங்க" என்றார். நீ ஸ்ட்ரெச்சரில் படுக்க மாட்டேன் என்று நடந்தே ஆம்புலன்ஸுக்குப் போனாய். நான் கூட ஏறப்போனபோது, "அப்பா வரட்டும்" என்றாய். அதற்கப்புறம் என்னிடம் நீ பேசவில்லை.

கழுத்து எலும்புக்கு நடுவில் இருக்கிற தட்டு பிதுங்கி, நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது, தண்டுவடத்தையும் தொட்டுவிட்டது என்றார் டாக்டர். உங்கப்பா கேட்டார், "இன்னொரு தடவ தள்ளியிருந்தா என்னங்க ஆயிருக்கும்?" டாக்டர் யோசித்து, "ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். கழுத்துக்குக் கீழ எதுவும் இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க" என்றார். அந்த "தெரியாது" தான் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. நான் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டேன், நீ ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டாய். கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆயிற்று. கழுத்தின் முன்பக்கம் கோடு போட்டு, உள்ளே தகடு வைத்து மூடினார்கள். நான் ஊட்டினால் சாப்பிட்டாய், நான் துடைத்தால் திரும்பிப் படுத்தாய், வேண்டியதையெல்லாம் உங்கப்பாவிடம் கேட்டாய். கேம்புக்கு வேறு ஒரு மூன்றாம் நம்பரை எடுத்துக்கொண்டார்கள் என்று யாரோ போனில் சொன்ன அன்று, சுவரைப் பார்த்துப் படுத்தவன் சாப்பிட எழவில்லை. உங்கப்பா சமையல்கட்டுக்கு வந்து, மெதுவாகத்தான் சொன்னார். "அவன் கேட்டிருந்தா நானே எறங்கியிருப்பேன். கேக்காம எறங்கறது வேற அம்மிணி." இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன கடினமான வார்த்தை அதுதான்.

ஜெபா வந்தது அதற்கப்புறம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். நீ பிசியோதெரபிக்குப் போயிருந்தாய். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான். பிறகு, "எம்மா, அவன் கை பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

"எப்ப இருந்துப்பா?"

"ஃபைனலுக்கு ரொம்ப முன்னாலயே. என்னைச் சுத்திப் பிடிக்கிற கைம்மா அது. ஒருநாள் இரும்பு மாதி இருக்கும், மறுநாள் ஈரத் துணி மாதி கெடக்கும். கேட்டேன். யார்ட்டயும் சொல்லாதன்னு என் பிள்ளை மேல சத்தியம் வாங்கிட்டான்."

நான் கோபப்பட்டேன். "அவன் கழுத்து போயிருந்தா உன்ற சத்தியத்த வெச்சு என்ன பண்றது ஜெபா?" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி அதுவரை குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் நிமிர்ந்து சொன்னாள். "அவங்க கழுத்து மட்டும் இல்லைம்மா. இவங்க ரெண்டு கையும் ரெண்டு பேரு மேலயும் மாட்டியிருக்கும். பக்கத்துல நிக்கவங்க பிடி விட்டுச்சுன்னா, கையை ஊன வழியில்லாம இவங்கதான் தலைகுப்புற போவாங்க. மொதல்ல விழுந்தப்ப இவங்க நெத்தி மண்ணுல குத்திருக்கு. எனக்கு நேத்துதான் சொல்லுதாங்க." ஜெபா அவளை நிறுத்தவில்லை.

எனக்கு அது வரைக்கும் அது தோன்றவே இல்லை, கதிரு. அன்றைக்கு மைதானத்தில் நான் ஜெபாவுக்காக ஓடவில்லை, உனக்காகத்தான் ஓடினேன். அதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன், பெரிய நியாயத்துக்காக ஓடினதாக யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அதைக் கேட்டதும் அந்தக் குழந்தையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

நீ திரும்பி வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "ஜெபாகிட்ட சத்தியம் வாங்குனியா?" நீ உள்ளே போகப் பார்த்தாய். நான் வழியை மறித்து நின்றேன். பல மாதம் கழித்து அன்றுதான் நீ என் முகத்தைப் பார்த்துப் பேசினாய்.

"ஆமா, வாங்குனேன். டாக்டர்கிட்டயும் போனேன். அவரு ஆடாதன்னாரு. தெரிஞ்சுதான் எறங்குனேன். அந்த ஒரு தள்ளுக்காகத்தான் இத்தன வருஷம் ஆடுனேன், உனக்கு அது புரியாது. நீ என்னையக் காப்பாத்தலம்மா. நீ என்னைய அங்கிருந்து தூக்கிட்டு வந்துட்ட, அவ்வளவுதான். என்ற கழுத்து என்றதுதான?"

"உன்றதுதான். இல்லீனு நான் சொல்லல. ஜெபா கழுத்து யாருது?"

உங்கப்பா மிஷினை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்றார். நீ ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். "அவன் ஒண்ணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாய். ஜெபாவின் நெற்றி மண்ணில் குத்தினது உனக்குத் தெரியும். நீ பக்கத்தில்தான் இருந்தாய். உன் முகம் வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். அப்படியே சுவரோரமாக உட்கார்ந்து, ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் மாட்டிவிட்ட கழுத்துப் பட்டையோடு, சத்தம் போட்டு அழுதாய். நீ சின்னப் பையனாக இருந்தபோதுகூட அப்படி அழுததில்லை. நான் பக்கத்தில் வரவில்லை. வந்தால் நீ எழுந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். உங்கப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து உன் முதுகில் கை வைத்தார்.

மறுநாள் நீ ஜெபா வீட்டுக்குப் போனாய். அங்கே என்ன பேசினீர்கள் என்று நான் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஜெபா அதோடு விளையாட்டை விட்டுவிட்டான். நீ விடவில்லை. கையில் பிடி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் பஞ்சு, பிறகு ரப்பர் பந்து, பிறகு வாளி. பெரிய டாக்டர்கள் இரண்டு பேர் பார்த்து, ஆடலாம், ஒரு தகடு வைத்த கழுத்தோடு ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு அடுத்த எலும்புக்குப் பாரம் கூடும் என்றார்கள். நீ அந்த முதல் வார்த்தையைக் கேட்டாய், நான் கடைசி வார்த்தையைக் கேட்டேன். நாம் அப்படித்தான்.

போன மாதம் கோயமுத்தூரில் உனக்குப் பயிற்சி ஆட்டம். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை நிஜ ஸ்க்ரம். "நீ வராதம்மா" என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் சொன்னாய். நான் வரவில்லை. அன்று கம்பெனியில் லீவு போடவும் இல்லை. செக்கிங் டேபிளில் ஓட்டை விழுந்த பீஸைப் பார்த்தும் பார்க்காமல் நகர்த்திவிட்டு, சூபர்வைசரிடம் திட்டு வாங்கினேன். போனைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவை அது அதிரும்போதும் எடுத்துப் பார்த்தேன். நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தோத்துட்டோம், பசிக்குது" என்றாய். தோசை ஊற்றினேன். நீ சாப்பிட்டாய். அவ்வளவுதான் நீ எனக்குச் சொன்னது.

மிச்சத்தை ஜெபா சொன்னான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தானாம். முதல் பாதி முழுக்க உன் பக்கம் மலை மாதிரி நின்றதாம். இரண்டாம் பாதியில் ஒரு ஸ்க்ரம் கலைந்து எழுந்தபோது, நீ உன் இடது கையை விரித்து மூடிப் பார்த்தாயாம். கோச் தூரத்தில் இருந்தார், ரெஃப்ரி பார்க்கவில்லை, உன்னைக் கேட்க யாரும் இல்லை. நடுவில் நின்ற ஹூக்கர் உனக்கு இரண்டு நாள் பழக்கம். அவனிடம் திரும்பி, "விரல்ல ஷாக் அடிக்குது. என்ற பிடிய நம்பாத" என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கி ரெஃப்ரியைக் கூப்பிட்டு, நீயாகவே நடந்து வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தாயாம். உன் இடத்துக்கு ஆள் இல்லை. தள்ளுகிற ஸ்க்ரம் போயிற்று. அதனால்தான் தோற்றீர்கள். "அவன் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாம்மா. நான் பக்கத்துல போனேன். சும்மா இருலேன்னான். ஆனா அழல" என்றான் ஜெபா. மறுநாள் டாக்டரிடம் போய், நரம்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டு வந்ததையும் நீ என்னிடம் சொல்லவில்லை. பரவாயில்லை. எனக்குத் தெரியும் என்று இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது.

கதிரு, நீ போகக் கூடாது என்பதுதான் என் விருப்பம். அதை ஒரு தடவை எழுதிவிட்டேன், இனிமேல் எழுத மாட்டேன், சொல்லவும் மாட்டேன். அன்றைக்கு நான் இறங்கியது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீயும் அது சரி என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். அதை வைத்துக்கொண்டே நாம் அம்மாவும் மகனுமாக இருக்கலாம். கல்கத்தாவில் நீ ஆடுகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு இங்கே சோறு இறங்காது, அது என் பாடு, நீ அதைச் சுமக்க வேண்டாம். உனக்கு இருக்கிற சுமை போதும். கையில் பிடி இல்லாத நாளில் அதைக் கோச்சிடம் சொல்வதற்கு முன்னால், எனக்குச் சொல்வதற்கு முன்னால், உன் பக்கத்தில் உன் கையை நம்பி நிற்கிறவனிடம் சொல்லிவிடு. போன மாதம் நீ சொன்ன மாதிரி. தாங்க முடியவில்லை என்று சொல்கிற ப்ராப்பை டீமில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றால், அந்த டீம் உனக்கு வேண்டாம், திரும்பி வா. உனக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சில வருஷம்தான் ஆடுவாய். அந்த வருஷங்களை நீ விரும்புகிற மாதிரி ஆடு. முதலில் தாங்கு, எதிராளி மூச்சு விடட்டும், அப்புறம் தள்ளு. எனக்கு உன் ஆட்டத்தில் பிடித்ததே அதுதான், இதுவரைக்கும் உன்னிடம் சொன்னதில்லை.

அந்தக் கிளப்பில் உன் பக்கத்தில் நிற்கப்போகிற ஹூக்கர் யாரென்று நீ இன்னும் சொல்லவில்லை. ஒருவேளை உனக்கே தெரியாதோ என்னமோ. போய்ச் சேர்ந்ததும் பெட்டியை வைத்துவிட்டு, முதலில் அவன் பேரைக் கேட்டு எனக்குச் சொல்லு சாமி. உன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறபோது அவன் பேரையும் நான் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா